பழைய ஆறு சிலிண்டர் வண்டி: நாமளே கழட்டி மாட்டினா நிஜமா எவ்வளவு மிச்சம்?



"சம்பளம் கையில 40,000 வருது. பழைய ஜோங்கா ஒண்ணு விலைக்கு வந்திருக்கு. ரிப்பேர் எல்லாம் நானே பார்த்துக்குவேன், அதனால செலவு கம்மிதான். வாங்கலாமா?"

போத்தனூர், குறிச்சி, சுந்தராபுரம் பக்கம் வேலைக்குப் போற பசங்ககிட்ட இந்தக் கேள்வி அடிக்கடி வரும். அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லை. ஒரு பக்கம் ரயில்வே சிக்னல் ஒர்க்‌ஷாப், இன்னொரு பக்கம் சிட்கோ எஸ்டேட், அப்படியே செட்டிபாளையம் ரோட்டுல போனா கரி மோட்டார் ஸ்பீட்வே. ஸ்பேனர் சத்தம் கேட்டே வளர்ந்த ஊர் இது. தெருவுக்கு ஒருத்தராவது லேத் ஓட்டத் தெரிஞ்சவர் இருப்பார்.

இந்தப் பாடத்துல ஆசையைக் குறை சொல்லப் போறதில்லை. "நானே பார்த்துக்குவேன், அதனால செலவு கம்மி" என்ற அந்த ஒரு வரியை மட்டும் கணக்குப் போட்டுப் பார்க்கப் போறோம்.

முதல்ல, ரெண்டு பேர் பேச்சு

நம்ம ஊர்ல பழைய வண்டிக்காரங்க ரெண்டு பேர் டீக்கடையில சேர்ந்தா பேச்சு கிட்டத்தட்ட இப்படித்தான் போகும். அண்ணன் ஜோங்கா வச்சிருக்கார். தம்பி அம்பாசிடர்.

"நாலு சிலிண்டர்ங்கிறது தையல் மிஷின் கண்ணு. எஞ்சின்னா ஆறுதான். ஐடில்ல விட்டுட்டு பானட் மேல ஒரு டம்ளர் தண்ணி வச்சுப் பாரு. ஆடாது."

"டம்ளர் ஆடாதுங்ணா. பெட்ரோல் முள்ளு ஆடுதே, அதைப் பார்த்தீங்களா?"

"முள்ளைப் பார்த்துட்டே ஓட்டுனா ரோட்டை எப்பப் பார்க்கிறது?"

"கரிவரதன் ரேஸ் காருக்கே மாருதி 800 எஞ்சினைத்தான் எடுத்தாருங்ணா. மூணே சிலிண்டர்!"

"அது பசங்க பழகுறதுக்கு."

"அந்த ஃபார்முலா மாருதியில ஓட்டுன நரேன் கார்த்திகேயன்தான் 2005ல எஃப் ஒன்னுக்கே போனாரு."

"சரி விடு. உன் அம்பாசிடர் எப்படி ஓடுது?"

"போன வாரம் வாட்டர் பம்ப் போச்சுங்ணா. சாயங்காலமே புதுசு கிடைச்சுது, மாட்டிட்டேன். உங்க வண்டி வாட்டர் பம்ப் என்னாச்சு?"

"டெல்லியில சொல்லி வச்சிருக்கேன்."

"எத்தனை நாளாச்சுங்ணா?"

"டீ ஆறுது, குடி."

சிரிச்சாச்சா? இந்தக் கிண்டலுக்குள்ளயே நம்ம பாடம் முழுக்க இருக்கு. தம்பி கேட்ட கடைசிக் கேள்விதான் பழைய வண்டியோட உண்மையான விலை.

ஆறு சிலிண்டர்ல அப்படி என்ன இருக்கு?

அண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சின்ல ஒரு சிலிண்டர் ஒரு தடவை வெடிக்க கிராங்க் ரெண்டு சுத்து, அதாவது 720 டிகிரி சுத்தணும். நாலு சிலிண்டர்னா 180 டிகிரிக்கு ஒரு வெடிப்பு. ஆறு சிலிண்டர்னா 120 டிகிரிக்கு ஒண்ணு. அதனால இழுவை விட்டு விட்டு வராம ஒரே சீரா வரும். வரிசையா நிக்கிற ஆறு பிஸ்டன்ல மூணு ஜோடி ஒண்ணுக்கொண்ணு ஈடு கொடுத்து, மேலும் கீழும் போற உதறலை அடக்கிடும். நாலு சிலிண்டர்ல இந்த உதறல் முழுசா அடங்காது. 1-5-3-6-2-4 என்ற ஃபயரிங் ஆர்டரை அண்ணன் மந்திரம் மாதிரி சொல்றதுக்குக் காரணம் இதுதான்.

ஜோங்கா என்ன வண்டின்னு தெரியாதவங்களுக்கு: நிசான் பேட்ரோல் மாடலை அடிப்படையா வச்சு, ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில 1969ல இருந்து 1999 வரைக்கும் ராணுவத்துக்காகத் தயாரான வண்டி. 3,956 சி.சி., வரிசையா ஆறு சிலிண்டர், பெட்ரோல். ராணுவம் கழிச்சு ஏலம் விட்ட வண்டிகள்தான் இப்ப நம்ம மாதிரி ஆட்கள் கையில சுத்துது. 2019ல தோனி ஒண்ணு வாங்கினதா செய்தி வந்தப்புறம் நிறையப் பேருக்கு இந்தப் பேர் தெரிஞ்சுது.

இப்ப அதே ஆறை பில் பக்கம் இருந்து எண்ணுங்க. ஆறு பிஸ்டன், ஆறு செட் ரிங், ஆறு பிளக், பன்னிரண்டு வால்வு. போரிங் பட்டறையில கூலி பேசுறதே "சிலிண்டருக்கு இவ்வளவு" என்றுதான். வண்டி சுகமா ஓடக் காரணமான அதே எண்ணிக்கைதான் பில்லையும் பெருக்குது.

ரிப்பேர் பில்லை மூணா பிரிங்க

எந்த ரிப்பேர் பில்லா இருந்தாலும் அதுல மூணு துண்டு இருக்கும்: பொருள், மெஷின் வேலை, கழட்டி மாட்டுற கூலி. நாம கையால செஞ்சா மிச்சமாகிறது மூணாவது துண்டு மட்டும்தான். பிஸ்டனை வீட்டுல வார்க்க முடியாது, கிராங்கை வீட்டுல கிரைண்ட் பண்ண முடியாது.

ஒரு முழு எஞ்சின் வேலைக்கு உதாரணக் கணக்கு போடுவோம். தொகை எல்லாம் கணக்கு புரியறதுக்காக வச்சது. உங்க மெக்கானிக் சொல்ற தொகையை இதே இடத்துல போட்டுக்குங்க.

நாலு சிலிண்டர்:
• சிலிண்டருக்குச் சிலிண்டர் ஆகிற செலவு (பிஸ்டன், ரிங், பேரிங், வால்வு, போரிங்): 4 × 6,000 = 24,000
• பொதுச் செலவு (கேஸ்கட் செட், கிராங்க் கிரைண்டிங், ஆயில், செயின்): 20,000
• கூலி: 15,000
• மொத்தம்: 59,000 ரூபாய்

ஆறு சிலிண்டர்:
• சிலிண்டர் செலவு: 6 × 6,000 = 36,000
• பொதுச் செலவு: 28,000
• கூலி: 20,000
• மொத்தம்: 84,000 ரூபாய்

ஆறு சிலிண்டர்ல கூலி, மொத்த பில்லுல சுமார் 24 சதவீதம். அதாவது எல்லாத்தையும் நீங்களே செஞ்சாலும் முக்கால்வாசி பில் அப்படியே நிக்குது. "நானே பார்த்துக்குவேன்" என்ற வார்த்தையோட முழு மதிப்பு இங்க 20,000 ரூபாய்தான்.

அதுலயும் டூல்ஸ் வாங்கணும். டார்க் ரெஞ்ச், கம்ப்ரஷன் கேஜ், ஃபீலர் கேஜ், நல்ல ஜாக் ஸ்டாண்ட் நாலு, எஞ்சின் தூக்குற கிரேன் வாடகை எல்லாம் சேர்த்து 18,000 என்று வச்சுக்குவோம். மிச்சம் 2,000. முதல் தடவை செய்றவருக்கு இந்த வேலை 60 மணி நேரமாவது இழுக்கும். 2,000 ரூபாயை 60 மணி நேரத்தால வகுத்தா மணிக்கு 33 ரூபாய்.

உங்க சம்பளத்தையும் இதே மாதிரி பாருங்க. மாசம் 22 நாள், நாளுக்கு 9 மணி நேரம்னா 198 மணி நேரம். 40,000 ரூபாய்க்கு மணிக்கு சுமார் 202 ரூபாய். முதல் எஞ்சின் வேலையை "சேமிப்பு" என்று சொல்லிக்கக் கூடாது. அது பொழுதுபோக்கு, அல்லது படிப்புச் செலவு. ரெண்டுமே நல்ல விஷயம்தான், ஆனா அந்தப் பேர்ல கணக்கு எழுதுங்க.

இங்கதான் டீக்கடைக் கூட்டத்துக்கு மதிப்பு வருது. நாலு பேர் சேர்ந்து டூல்ஸ் வாங்கினா உங்க பங்கு 4,500. மிச்சம் 15,500. மணிக்கு 258 ரூபாய். சம்பளத்தைத் தாண்டிருச்சு பாருங்க. கூடவே, ஏற்கெனவே ரெண்டு எஞ்சின் பிரிச்ச ஒருத்தர் பக்கத்துல நிப்பார். ஹெட் போல்ட்டை நடுவுல இருந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா, கொஞ்சம் கொஞ்சமா நாலைஞ்சு சுத்துல இறுக்கணும்னு அவர் சொல்ற ஒரு வார்த்தை, நீளமான ஆறு சிலிண்டர் ஹெட் கோணாம காப்பாத்தும்.

எந்த வேலையை நாம செய்யலாம்?

வேலைக்கு வேலை கூலிப் பங்கு மாறும். அதே மாதிரி உதாரணத் தொகையில:

• ஆயில், ஃபில்டர் மாத்துறது: பொருள் 2,800, கூலி 400. கூலிப் பங்கு 12.5 சதவீதம்.
• டேப்பட் செட்டிங்: பொருள் 300, கூலி 1,200. கூலிப் பங்கு 80 சதவீதம்.
• பாயிண்ட், டைமிங், கார்பரேட்டர் சுத்தம்: பொருள் 700, கூலி 1,300. கூலிப் பங்கு 65 சதவீதம்.
• ஹெட் கேஸ்கட்: பொருளும் ஃபேஸிங்கும் 6,500, கூலி 5,500. கூலிப் பங்கு சுமார் 46 சதவீதம்.
• முழு எஞ்சின்: சுமார் 24 சதவீதம்.

எல்லாரும் முதல்ல கை வைக்கிறது ஆயில் சேஞ்ச்ல. அதுல மிச்சம் 400 ரூபாய். டேப்பட் செட்டிங்குக்குத் தேவை ஒரு ஃபீலர் கேஜ், ரெண்டு ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், பொறுமை. ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு வால்வு என்பதால நேரம் பிடிக்கும், அதனாலதான் கூலியும் அதிகம். பழகிட்டா மூணு மணி நேரத்துல 1,200 மிச்சம். மணிக்கு 400 ரூபாய்!

அதனால ஒவ்வொரு வேலைக்கும் ரெண்டு கேள்வி கேளுங்க. ஒண்ணு: கூலிப் பங்கு பாதிக்கு மேல இருக்கா? ரெண்டு: தப்பாப் போனா என்ன கெடும்?

டேப்பட் தப்பாப் போனா சத்தம் வரும், திரும்பச் செட் பண்ணலாம். பிரேக், ஸ்டியரிங் தப்பாப் போனா கெடுறது உயிர். அதுல கூலிப் பங்கு எவ்வளவு இருந்தாலும் நல்ல மெக்கானிக்கிட்ட விடுங்க. ஹைட்ராலிக் ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில படுக்கவே கூடாது, ஜாக் ஸ்டாண்ட் கட்டாயம். மூடின ஷெட்டுக்குள்ள எஞ்சினை ஓட விடாதீங்க. பெட்ரோல் லைன்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி பேட்டரி நெகட்டிவ் டெர்மினலைக் கழட்டிடுங்க. இதெல்லாம் பணப் பாடம்தான். மூணு மாசம் வேலைக்குப் போக முடியாம வீட்டுல இருந்தா எந்த மிச்சமும் அதுக்கு ஈடு கட்டாது.

இன்னொண்ணு: இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டியோட ரப்பர் ஹோஸ், பெட்ரோல் பம்ப் டயஃப்ரம் இதுக்காகச் செஞ்சது இல்லை. உப்பும், வெடிக்கும், கசியும். வண்டி வாங்கினதும் முதல் வேலையா எத்தனால் தாங்குற ஹோஸ் மாத்துங்க. விலை கம்மி, வேலை சுலபம், தீப்பிடிக்கிற அபாயம் குறையும்.

வருஷச் செலவு: ஷெட்டுல நின்னாலும் ஓடும் மீட்டர்

• மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ்: 2022 ஜூன்ல அறிவிச்ச விகிதப்படி 1,500 சி.சி.க்கு மேற்பட்ட காருக்கு 7,897 ரூபாய். 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தா சுமார் 9,318.
• ஆர்.சி. புதுப்பித்தல்: 2025 ஆகஸ்ட் அறிவிப்புப்படி 20 வருஷத்துக்கு மேற்பட்ட காருக்குக் கட்டணம் 10,000. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவைங்கிறதால வருஷத்துக்கு 2,000. பசுமை வரி தனி.
• ரிப்பேர் உண்டியல்: மாசம் 3,000 வீதம் 36,000.

இதுவே 47,318. மாசத்துக்கு சுமார் 3,943 ரூபாய். வண்டி இன்னும் ஒரு கிலோமீட்டர் கூட ஓடலை!

வருஷம் 1,000 கிலோமீட்டர், லிட்டருக்கு 5 கிலோமீட்டர், பெட்ரோல் 100 ரூபாய்னு வச்சா இன்னும் 20,000. மொத்தம் 67,318, மாசம் சுமார் 5,610. தினமும் ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போய் 3,000 கிலோமீட்டர் ஓட்டினா மொத்தம் 1,07,318, மாசம் சுமார் 8,943.

பொழுதுபோக்குக்கு நம்ம சேனல்ல சொல்ற அளவு, கையில வர்ற சம்பளத்துல 10 சதவீதம். 40,000க்கு அது 4,000. வண்டி நின்னா சரியாப் போகும், ஓடினா பத்தாது. 1,000 கிலோமீட்டர் கணக்குக்கே சம்பளம் 56,000 ஆகணும். அதுவரைக்கும் நாலு சிலிண்டர் அம்பாசிடரோ, பழைய டூ வீலரோ வச்சு கை பழகினா நஷ்டம் ஒண்ணும் இல்லை. தம்பிக்கு வாட்டர் பம்ப் அன்னைக்கே கிடைச்சுது, ஞாபகம் இருக்கா?

"50 வருஷம் ஆன வண்டியை வின்டேஜ்னு பதிஞ்சுக்கலாமே?" என்று கேட்கலாம். 2021ல வந்த விதிப்படி பதியலாம். கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனா அந்தப் பதிவுல தினசரி உபயோகத்துக்கு ரோட்டுல ஓட்ட அனுமதி இல்லை. கண்காட்சி, வின்டேஜ் ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு என்று சில காரணத்துக்கு மட்டும்தான் வெளியே எடுக்கலாம்.

கடன் வாங்கி வாங்கலாமா?

இவ்வளவு பழைய வண்டிக்குச் சாதாரணமா கார் லோன் கிடைக்காது. அதனால பசங்க போறது பர்சனல் லோனுக்கு. 2 லட்சம், 14 சதவீதம், 3 வருஷம்னா இ.எம்.ஐ. சுமார் 6,835. மொத்தக் கட்டு சுமார் 2,46,000. வட்டி மட்டும் 46,000. மேல போட்ட எஞ்சின் கணக்குல பாதிக்கு மேல!

இ.எம்.ஐ.யும் ஓட்டச் செலவும் சேர்ந்தா மாசம் 12,000 தாண்டும். இதுல அப்பாவுக்கு ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்தா, இல்லைன்னா கம்பெனியில ரெண்டு மாசச் சம்பளம் தள்ளிப்போனா, வண்டியை அவசரமா விற்கணும். பாதி பிரிச்ச எஞ்சினோட நிக்கிற வண்டிக்கு என்ன விலை வரும்னு உங்களுக்கே தெரியும். பழைய இரும்பு ரேட்தான்.

ஜி.டி. நாயுடு கதை நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். சின்ன வயசுல ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஆசைப்பட்டு, கோயம்புத்தூருக்கு வந்து ஹோட்டல்ல சர்வர் வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அதை விலைக்கு வாங்கி அக்குவேறு ஆணிவேறா பிரிச்சுப் பார்த்தார் என்பார்கள். நாம எல்லாரும் "பிரிச்சார்" என்ற இடத்துல கைதட்டுறோம். அதுக்கு முன்னாடி அவர் காசு சேர்த்தார் என்ற வரியையும் கவனிங்க. பிரிச்ச வண்டி திரும்ப ஓடாம போயிருந்தாலும் யாருக்கும் தவணை கட்ட வேண்டிய நிலையில அவர் இல்லை. 1920ல பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவுல பஸ் விட்டப்ப அந்தக் கைப்பழக்கம் தொழிலா மாறுச்சு. அவினாசி ரோடு ஜி.டி. கார் மியூசியத்துக்குப் போறப்ப இதையும் நினைச்சுக்குங்க.

அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம்

எல்லா பிளக்கையும் கழட்டி, கம்ப்ரஷன் கேஜ் வச்சு ஆறு சிலிண்டரையும் அளந்து எழுதுங்க. ஆறும் கிட்டத்தட்ட ஒரே அளவு காட்டினா நல்லது. ஒண்ணு மட்டும் 15 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா, அந்த பிளக் ஓட்டையில ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளங்க. அளவு ஏறினா ரிங் தேய்மானம். ஏறலைன்னா வால்வு. பக்கத்து பக்கத்து சிலிண்டர் ரெண்டுமே குறைஞ்சா ஹெட் கேஸ்கட் மேல சந்தேகப்படுங்க. விற்கிறவர் கேஜ் வைக்கவே விடலைன்னா அதுவும் ஒரு பதில்தான்.

அப்புறம் பேப்பர். ஆர்.சி.யில இருக்குற எஞ்சின் நம்பர், சேஸிஸ் நம்பர் ரெண்டையும் வண்டியில நேர்ல பாருங்க. நிறைய ஜோங்காவுல பெட்ரோல் எஞ்சினை எடுத்துட்டு டீசல் எஞ்சின் உட்கார வச்சிருப்பாங்க. அந்த மாற்றம் ஆர்.டி.ஓ. அனுமதியோட ஆர்.சி.யில ஏறியிருக்கணும். ஏறலைன்னா விபத்து நேரத்துல இன்ஷூரன்ஸ் சிக்கல் உங்க தலையில விழும். பெயர் மாற்றத்துக்கு ஃபார்ம் 29, 30. வெளி மாநில வண்டின்னா தடையில்லாச் சான்றும், இங்க கட்ட வேண்டிய வரியும் சேர்த்து விலை பேசுங்க.

இந்த வார வீட்டுப்பாடம்

1. உங்க வீட்டு டூ வீலரோ காரோ, கடைசி மூணு சர்வீஸ் பில்லை எடுங்க. பொருள், மெஷின் வேலை, கூலின்னு மூணா பிரிச்சு எழுதுங்க. கூலிப் பங்கு பாதியைத் தாண்டுற வேலை எது? அதை இந்த மாசம் தெரிஞ்ச ஒருத்தரைப் பக்கத்துல வச்சுக்கிட்டு நீங்களே செய்யுங்க.

2. ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி தனியா இருக்கா? இல்லைன்னா வண்டி விளம்பரம் பார்க்கிறதை அதுவரைக்கும் நிறுத்தி வைங்க.

3. இருக்குன்னா, "ஜோங்கா" என்று பேர் போட்டு ஒரு ஆர்.டி. தொடங்குங்க. வண்டி வாங்கினா மாசம் எவ்வளவு போகும்னு மேல பார்த்தோமே, அந்த 5,610 ரூபாயை ஒரு வருஷம் அதுல கட்டுங்க. திணறாம கட்ட முடிஞ்சா, வண்டியை வச்சு ஓட்டவும் முடியும். வருஷக் கடைசியில கையில 67,320 ரூபாயும் வட்டியும் இருக்கும். அதுதான் உங்க முதல் ரிப்பேர் உண்டியல்.

கணக்குப் போடுற ஷீட்டை வீடியோவுக்குக் கீழே வச்சிருக்கோம். உங்க மெக்கானிக் சொல்ற தொகையைப் போட்டுப் பாருங்க. அடுத்த பாடத்துல பழைய வண்டிக்கு இன்ஷூரன்ஸ் மதிப்பை எப்படிப் பேசி வாங்கறதுன்னு பார்க்கலாம்.